வாளுறையின் பூச்சை உரிக்கும் முன்

ஜப்பானிய வாளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் எஃகோடு நின்றுவிடுகிறார்கள். மடித்து மடித்து அடித்த இரும்பு, களிமண் பூசிக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த விளிம்பு, அதில் தெரியும் வெண்மையான அலைக்கோடு என்று பக்கங்கள் நிறைந்துவிடும். காமகுரா காலத்து வாள்கள் சில 700 ஆண்டுகளைக் கடந்தும் பளபளப்பு மாறாமல் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அவற்றைத் துடைத்து எண்ணெய் தடவியவர்களுக்கு அந்தப் பெருமையில் பங்குண்டு. உறைக்கும் உண்டு. ஓர் எஃகுத் தகடு தன் ஆயுளில் பல உறைகளைத் தேய்த்து முடித்திருக்கும். வாள் நிற்க, உறை மாறும். அப்படித்தான் அந்த அமைப்பையே யோசித்திருக்கிறார்கள்.

சயா என்று ஜப்பானியர் சொல்லும் அந்த மர உறையின் பூச்சு வெடித்து, ஓரங்களில் பெயர்ந்து, நிறம் செத்துப்போனால் அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக மெருகேற்றலாம் என்று தோன்றும். பழைய கதவுக்கு வார்னிஷ் அடிப்பதுபோல் எளிய வேலையாகத் தெரியும். ஆனால் உறையில் எது எதைவிட மென்மையாக இருக்க வேண்டும், எது முதலில் உடைய வேண்டும் என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. உப்புத்தாளைக் கையில் எடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த ஒழுங்கைத்தான்.

மரத்திலிருந்து தொடங்கலாம். உறைக்குப் பயன்படுவது ஹோ மரம், மக்னோலியா பேரினத்தைச் சேர்ந்தது. நம் செண்பகத்தையும் தாவரவியலாளர்கள் இப்போது அதே பேரினத்தில்தான் வைக்கிறார்கள். ஹோ மரத்தின் இலை மிகப் பெரியது. ஹிடா மலைப்பகுதியில் காய்ந்த இலையின் மேல் மிசோ விழுதை வைத்துத் தணலில் சுட்டுச் சாப்பிடுவார்கள். மரமோ மென்மையானது. நார் நேராக ஓடும், துளைகள் சிறியவையாகச் சீராகப் பரவியிருக்கும், பிசின் குறைவு. வைரப்பகுதி சாம்பல் கலந்த பச்சை நிறம். பூச்சைச் சுரண்டும்போது அடியில் இந்த மங்கிய பச்சை தெரிந்தால் மரம் ஹோ ஆக இருக்க வாய்ப்பு அதிகம்.

மென்மை இங்கே ஒரு தகுதி. வாளின் பக்கங்கள் மென்மேலும் நுண்மையான கற்களால் வாரக்கணக்கில் தீட்டப்பட்டவை. கடினமான மரம் அதில் கீறல் போடும். பிசின் ஒட்டிக்கொள்ளும். சில மரங்கள் அமில ஆவியையும் விடுகின்றன. ஓக் மரப் பெட்டியில் வைத்த ஈயப் பொருள்கள் அசிட்டிக் அமில ஆவியால் அரிக்கப்படுவது அருங்காட்சியகத்தாருக்குப் பழகிய தொல்லை. ஆகவே உறை செய்பவர்கள் ஹோ மரத்தையே எடுத்து, அதையும் பல ஆண்டுகள் காயப்போட்ட பிறகுதான் உளியை வைப்பார்கள்.

காய்ந்த மரமும் சும்மா இருப்பதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும்போது, மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஈரப்பதம் 80 ஆனால் அது 16 அளவுக்கு ஏறும். ஏறும்போது உப்பும், இறங்கும்போது சுருங்கும். நீளவாட்டில் அசைவு கண்ணுக்கே தெரியாது. அசைவெல்லாம் குறுக்குவாட்டில்தான். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் நிகழும் அசைவு, வளையத்தை வெட்டிச் செல்லும் திசையில் நிகழ்வதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு துண்டுகளை ஒட்டிச் செய்யும் உறையில் இந்த வேறுபாடு முறுக்கலை உண்டாக்கும். ஒரே பலகையைப் பிளந்து இரு பாதிகளையும் எடுப்பது இதனால்தான். இரண்டும் ஒன்றுபோல் உப்பி ஒன்றுபோல் சுருங்கும்.

பிளந்த பாதிகளின் உட்புறத்தை வாளின் வளைவுக்கேற்பக் குடைவார்கள். குடைவின் நுட்பம் என்னவென்றால், வாள் உள்ளே எதிலும் படாமல் நிற்க வேண்டும். வாளின் அடியில் ஹபாகி என்று ஒரு செப்புப் பட்டை இருக்கிறது. அது உறையின் வாயில் ஆப்புபோல் இறுகி முழு எடையையும் தாங்கும். வாளின் முதுகு மட்டும் மரத்தை லேசாகத் தொடும். பக்கங்களும் கூர் விளிம்பும் ஒரு மெல்லிய காற்றிடைவெளியில் நிற்கும். அந்தச் சிறிதளவு காற்றைச் சுற்றி, பூச்சில்லாத மரச்சுவர். வெளியே ஈரம் கூடினால் மரம் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், குறைந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். வெளிப்புறப் பூச்சு இந்தப் போக்குவரத்தை மேலும் மெதுவாக்கும். வெளியே பகலுக்கும் இரவுக்கும் ஈரப்பதம் ஆடினாலும் உள்ளே அந்த ஆட்டம் பெரிதும் தணிந்துவிடும். அழகு பிறகுதான், எஃகின் கண்ணோட்டத்தில் பூச்சின் முதல் வேலை இதுவே. உரித்த உறையைப் பூச்சில்லாமல் மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது என்பதற்கும், உள்ளே ஒருபோதும் பூசக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

இனிப் பசை. குடைந்த பாதிகளை ஒட்டுவது வெந்த சோறு. பட்டம் ஒட்டுவதற்குப் பருக்கையை நசுக்கும் சிறுவனின் வேலையேதான், பலகையில் வைத்து அகப்பையால் கட்டி துளியும் இல்லாமல் பொறுமையாகத் தேய்ப்பது மட்டும் கூடுதல். வேகும்போது அரிசி மாவுச்சத்தின் மணிகள் உப்பி உடைந்து நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் வெளியே வருகின்றன. அவை மரத்தின் செல்லுலோஸோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கைகோர்க்கின்றன. காய்ந்ததும் பிடிப்பு நன்றாகவே இருக்கும். ஆனால் ஈரம் பட்டால் அதே சங்கிலிகள் நீரை ஏற்று நெகிழ்ந்துவிடும், ஆப்பு வைத்தால் ஒட்டிய கோட்டிலேயே சுத்தமாகப் பிரியும்.

அந்தப் பலவீனம் வேண்டுமென்றே வைத்தது. பழைய எண்ணெயும் தூசும் துருத்துகளும் உறைக்குள் படிந்துவிட்டால் வாளை உருவும் ஒவ்வொரு முறையும் அவை எஃகைக் கீறும். வாளைச் சும்மா வைத்திருக்கும்போது போடும் பூச்சில்லாத ஓய்வுறையாக இருந்தால் ஒட்டைப் பிரித்து, உள்ளே மெல்லச் சீவிச் சுத்தம் செய்து, மறுபடி சோற்றால் மூடிவிடுவார்கள். பசை மரத்தைவிட வலுவாக இருந்திருந்தால் பிளக்கும்போது மரம் கிழிந்திருக்கும். எஃகைவிட மரம் மென்மை, மரத்தைவிடப் பசை பலவீனம். சேதம் வந்தால் விலை குறைந்ததிலிருந்து தொடங்கட்டும் என்ற கணக்கு இது. வாய் திறந்த ஒட்டுக்கோட்டில் எப்பாக்ஸி பசையைச் செலுத்துபவர் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறார். அந்த உறையை இனி யாராலும் திறக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

எந்த உறையை உரிக்கலாம் என்பதிலும் அப்படித்தான். 1876-இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. அதற்கு முந்தைய உறை ஒன்று கையில் இருந்தால், அதன் பூச்சு எவ்வளவு உடைந்திருந்தாலும் உப்புத்தாள் அதன் பக்கமே போகக் கூடாது. உருஷி எனப்படும் மரப்பாலால் ஆன பழைய பூச்சின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் வைத்தால் களிமண் அடித்தளம், இடைப்பூச்சு, மேற்பூச்சு என்று அடுக்குகள் தெரியும். ஒரு துளியைச் சூடாக்கிப் பிரித்து அதன் மூலக்கூறுகளை அடையாளம் கண்டால், பால் எந்த மரத்திலிருந்து வந்தது என்பதுகூடத் தெரிந்துவிடும். ஜப்பான், சீனா, கொரியா மரத்துப் பாலில் உருஷியால். வியட்நாம் மரத்தில் லக்கால். மியன்மார், தாய்லாந்து மரத்தில் திட்சியால். 17-ஆம் நூற்றாண்டில் சயாமிலிருந்து கப்பலில் ஜப்பானுக்கு மரப்பால் வந்தது என்பதற்குக் கியோட்டோ அகழாய்வில் கிடைத்த ஜாடிகளில் ஒட்டியிருந்த மிச்சமே சான்று. இத்தகைய வரலாற்றைத் தேய்த்துத் தூசாக்குவது சரியல்ல. பழைய பூச்சுக்குத் தேவை உரித்தல் அல்ல, பெயர்ந்த இடங்களை இருத்திப் பிடிக்கும் பாதுகாப்பாளரின் கை.

நாம் உரிக்கக்கூடியது இன்றைய பயிற்சி வாளின் உறை. வாள் உருவும் கலையான இயாய்தோ பயிலும் பலர் வைத்திருப்பது துத்தநாக அலுமினியக் கலவையில் வார்த்த, கூரில்லாத வாள். அதன் உறை மரம்தான். பூச்சு பெரும்பாலும் தொழிற்சாலைப் பூச்சு. அது நைட்ரோசெல்லுலோஸாக இருக்கலாம், பாலியூரித்தேனாக இருக்கலாம், முந்திரிப் பூச்சாகவும் இருக்கலாம்.

இந்த முந்திரிப் பூச்சு நம் ஊரோடு தொடர்புடையது. முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் கைபட்டால் பொசுக்கும் எண்ணெய் ஒன்று இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல் நுனிகளைப் பார்த்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். அந்த எண்ணெயைச் சூடாக்கினால் கார்டனால் என்ற பீனால் சேர்மம் கிடைக்கும். அதை ஃபார்மால்டிஹைடோடு வினைப்படுத்தி, உருஷிக்கு மாற்றாக ஒரு பூச்சை இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியர் உருவாக்கினார்கள். உருஷி மரமும் முந்திரியும் மாவும் சேராங்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பம். நீண்ட கரிமச் சங்கிலியை வாலாகக் கொண்ட பீனால்களே அந்தக் குடும்பத்தின் சொத்து. மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் புண்ணாவதும் அந்தச் சொத்தின் ஒரு பங்குதான்.

எந்தப் பூச்சு என்று கண்டுபிடிக்க, மறைவான இடத்தில் அசிட்டோன் தொட்ட பஞ்சை அரை நிமிடம் வைத்துப் பார்க்கலாம். இளகிப் பஞ்சில் ஒட்டினால் நைட்ரோசெல்லுலோஸ் போன்ற கரையும் பூச்சு. நம் தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் அரக்கு மெருகும் இந்த வகைதான். கரைப்பான் ஆவியாகிப் படலம் மிஞ்சுகிறது, கரைப்பான் திரும்பி வந்தால் படலமும் கரைந்துவிடும். பஞ்சுக்கு அசைந்து கொடுக்காவிட்டால் அது வினைபுரிந்து இறுகிய பூச்சு. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்குவாட்டிலும் பிணைந்து ஒரே வலையாகிவிட்டன. தின்னர் அதை நனைக்கும், கரைக்காது.

கடையில் விற்கும் பூச்சு நீக்கிகளில் சில அந்த வலையையும் உப்ப வைத்துப் பெயர்த்துவிடும். அதற்குப் பெயர் பெற்ற டைக்ளோரோமீத்தேன் உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய அறையில் பயன்படுத்திப் பலர் இறந்திருக்கிறார்கள். அமெரிக்கா 2019-இல் அதைப் பொதுமக்களுக்கு விற்கும் பூச்சு நீக்கிகளில் தடை செய்தது. அது இல்லாத நீக்கிகளும் உறைக்கு ஒத்துவராது. திரவம் ஒட்டுக்கோட்டின் வழியே உள்ளே இறங்கி, பிறகு மாதக்கணக்கில் வாளின்மேல் ஆவியாக வந்துகொண்டிருக்கும். சூடான காற்றை அடித்தால் மரம் அவசரமாகச் சுருங்கி ஒட்டு வாய் திறக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் சோற்றுப்பசை இளகும். மிஞ்சுவது கூரான சுரண்டு தகடும் உப்புத்தாளும், நிறையப் பொறுமையும்.

வாளை வெளியே எடுத்துவிட வேண்டும், உறையில் கட்டிய கயிற்றைக் கழற்றிவிட வேண்டும். உறையின் வாயைத் துணியால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தேய்ப்புத் தூள் உள்ளே போய்த் தங்கும். எருமைக்கொம்பில் செய்த வாய்வளையமும் கயிறு கோக்கும் குமிழும் இருந்தால் ஒட்டுநாடாவால் மூடலாம். தகட்டை நார் ஓட்டத்தோடு இழுத்தால் பாலியூரித்தேன் சுருள் சுருளாக வரும். பூச்சு முடிந்து மரம் தொடங்கும் இடத்தில் தகட்டின் ஓசை மாறும், கை அதை உடனே உணரும். அங்கே நிறுத்திவிட்டு 120, 240, 400 எண் உப்புத்தாள்களுக்கு மாற வேண்டும். முகமூடி கட்டாயம். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இலேயே வைத்துவிட்டது.

ஆபத்து அதிகம் உள்ள இடம் வாளின் கூர் விளிம்பு இருக்கும் பக்கத்து ஒட்டுக்கோடு. அங்கே சுவர் ஏற்கெனவே மெல்லியது, அதன் நடுவில் பலவீனமான பசை. வடிவம் இன்னும் நேர்த்தியாக வரட்டும் என்று அங்கே தேய்த்துக்கொண்டே போனால், கூருள்ள வாளைச் சாய்வாக உருவும் ஒரு நாளில் அது உறையைப் பிளந்துகொண்டு வெளியே வரும். உறையைப் பற்றியிருக்கும் இடக்கையின் விரல்கள் அந்த வழியில்தான் இருக்கும். உரிப்பது பூச்சை மட்டுமே. மரத்தின் வடிவத்தைத் திருத்துவது உறை செய்பவரின் வேலை.

மறுபூச்சுக்கு உருஷியைத் தேர்ந்தால், உலகின் மிகப் பழைய பூச்சுத் தொழில்நுட்பங்களில் ஒன்றைக் கையில் எடுக்கிறோம். ஹொக்கைடோவின் ககினோஷிமாவில் கிடைத்த உருஷிப் பொருள்கள் சுமார் 9,000 ஆண்டுப் பழமையானவை என்று கணக்கிடப்பட்டுள்ளது. பால் கிடைப்பது இன்றும் எளிதல்ல. வட ஜப்பானின் இவாத்தே மாநிலத்தில் ஜோபோஜி என்ற ஊர் இதற்குப் பெயர் பெற்றது. பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தைக் கோடை தொடங்கி இலையுதிர் காலம் வரை கீறிக் கீறிச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். ஒரு மரத்துக்குச் சுமார் 200 கிராம். அதோடு மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து துளிர்க்க விடுவார்கள். ஜப்பான் பயன்படுத்துவதில் பெரும்பகுதி இப்போது சீனாவிலிருந்து வருகிறது. தேசியச் சின்னங்களின் சீரமைப்பிலாவது உள்நாட்டுப் பாலையே பயன்படுத்த வேண்டும் என்று அந்நாட்டுப் பண்பாட்டு முகமை 2015-இல் அறிவுறுத்தியது.

அந்தப் பாலில் பெரும்பங்கு உருஷியால் எண்ணெய். அதற்குள் நுண்ணிய நீர்த்துளிகள் மிதக்கின்றன. நீர்த்துளிகளுக்குள் கோந்தும் மிகச் சிறிதளவு ஒரு நொதியும் கரைந்திருக்கின்றன. 1883-இல் யோஷிதா ஹிகோரோகுரோ என்ற ஜப்பானிய வேதியியலர் இந்தப் பாலைச் சூடாக்கிப் பார்த்தார். ஓர் அளவுக்கு மேல் சூடு பட்ட பால் பிறகு காயவே இல்லை. ஆக, காய்வதற்கு உள்ளே ஏதோ ஒரு பொருள் காரணம், அது வெப்பத்தில் அழிகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். நொதிகளைப் பற்றிய அறிவே தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. பிரான்சில் கப்ரியேல் பெர்த்ராந்து 1890-களில் அதற்கு லாக்கேஸ் என்று பெயரிட்டு, மாங்கனீசு அதற்குத் துணை நிற்கிறது என்று கருதினார். இணைநொதி என்ற கருத்தை அதிலிருந்துதான் அவர் முன்வைத்தார். உண்மையில் துணை நிற்கும் உலோகம் செம்பு. 1939-இல் கெய்லின், மன் என்ற ஆய்வாளர்கள் அதை நிறுவினார்கள். பெர்த்ராந்து சொன்ன உலோகம் தவறாக இருந்தும் கருத்து நிலைத்துவிட்டது, அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த நிகழ்ச்சிகளில் ஒன்று அது.

லாக்கேஸின் ஒரு மூலக்கூறில் நான்கு செம்பு அணுக்கள். அவை உருஷியாலிலிருந்து ஒவ்வொன்றாக எலக்ட்ரான்களை எடுத்து, நான்கு சேர்ந்ததும் காற்றின் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்குக் கொடுத்து அதை நீராக்குகின்றன. எலக்ட்ரானை இழந்த உருஷியால்கள் அமைதியிழந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பிறகு அவற்றின் நீண்ட வால்கள் காற்றோடு மெதுவாக வினைபுரிந்து வலையை இறுக்குகின்றன. நொதி வேலை செய்ய நீர் வேண்டும். எனவே உருஷி பூசிய பொருளை வெயிலில் வைப்பதில்லை. 70 முதல் 85 விழுக்காடு ஈரப்பதமும் 20 முதல் 30 டிகிரி வெப்பமும் உள்ள, உட்புறம் நனைத்த மரப் பெட்டிக்குள் வைப்பார்கள். நவம்பர் மாதத்துச் சென்னை, பெட்டியே இல்லாமல் அந்த நிலைக்கு வெகு அருகில் வந்துவிடும்.

ஈரம் அளவு மீறினாலும் கேடுதான். மேற்பரப்பு அவசரமாக இறுகிவிடும், அடியில் உள்ளது திரவமாகவே இருக்கும், இறுகிய தோல் சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும். தடிமனாகப் பூசினாலும் இதே விளைவு, ஆக்சிஜன் அடிவரை இறங்குவதில்லை. ஆகவே ஒவ்வொரு பூச்சும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் இருக்க வேண்டும். முதல் பூச்சைச் சுத்திகரிக்காத பாலால் மரம் குடிக்கும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துணியால் முழுக்கத் துடைக்க வேண்டும். வீட்டில் செய்பவர் இதையே திரும்பத் திரும்பச் செய்து, மரத்தின் ரேகை பழுப்பாகத் தெரியும் மெருகோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். கண்ணாடிபோன்ற கருப்பு வேண்டுமானால் களிமண் தூள் கலந்த பட்டி, இடைப்பூச்சு, மேற்பூச்சு என்று நீளும். அது ஒரு தொழிலாளியின் ஆயுட்காலப் பயிற்சி.

அந்தக் கருப்பில் பொதுவாகக் கரித்தூள் இல்லை. பாலில் சிறிது இரும்பைச் சேர்ப்பார்கள், அது உருஷியாலோடு பிணைந்து பால் முழுவதையும் கருப்பாக்கிவிடும். கலம்காரி எழுதுபவர்கள் வெல்லநீரில் ஊறிய இரும்புச் சாற்றைக் கடுக்காய் தோய்த்த துணியில் தீட்டிக் கருங்கோடு பெறுவதும் இந்த வேதியியலின் கிளைதான். துகள் இல்லாததால் படலத்துக்குள் ஒளி சிதறுவதற்கு இடமில்லை, கருப்பு ஆழமாகத் தெரிகிறது. மேற்பரப்பு மினுங்க, அதன் மேடுபள்ளம் ஒளியின் அலைநீளமான அரை மைக்ரோமீட்டரைவிட மிகவும் சிறியதாக வேண்டும். இதற்கு முதலில் கரியால் தேய்ப்பார்கள். ஹோ மரத்தின் கரியே அதற்குப் பயன்படும் கரிகளில் ஒன்று. கடைசியில் மான்கொம்பைச் சுட்ட சாம்பலை எண்ணெயோடு விரலில் தொட்டுத் தேய்ப்பார்கள்.

இறுகிய உருஷியை அமிலமோ காரமோ ஸ்பிரிட்டோ எளிதில் தொடாது. அதன் எதிரி வெயில். புற ஊதாக் கதிர் வலையை அறுத்து மேற்பரப்பை மங்கலாக்கி, நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். வெடித்த பரப்பில் விரல் ஈரமும் தடம் பதிக்கும். சன்னலோரம் மாட்டி வைத்த உறைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் செத்துப்போவது இதனால்தான்.

இறுகாத பாலோ பூசுபவரைத் தாக்கும். உருஷியால் தோலுக்குள் ஊறிக் குயினோனாக மாறித் தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் புரதத்தை உடல் அந்நியன் என்று எண்ணிப் போர் தொடுக்கும். ஓரிரு நாள் கழித்தே கொப்புளம் எழுவதால் பலருக்குக் காரணம் புரிவதில்லை. கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்தே வேலை செய்ய வேண்டும். தோலில் பட்டுவிட்டால் உடனே சமையல் எண்ணெயால் துடைத்துப் பிறகு சோப்பு போட வேண்டும். ஒருமுறை கொப்புளித்தவர் அந்தப் பாலை மறுபடி தொடாமல், செயற்கைப் பூச்சுக்கு மாறிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்துவிடலாம். உள்வலை இறுகுவது வாரங்களில், மாதங்களில் நடக்கும். குறைந்தது சில வாரமாவது கடந்த பிறகே வாளைச் செருக வேண்டும். அப்போது பார்க்க வேண்டியது வாயின் பிடிப்பு. உறையைத் தலைகீழாகப் பிடித்தால் வாள் நழுவக் கூடாது, கட்டை விரலால் தள்ளினால் செப்புப் பட்டை சட்டென்று விடுபட வேண்டும். தளர்வாக இருந்தால் ஹோ மரத்தின் தாள்போன்ற சீவலை வாயின் உட்பக்கம் சோற்றுப்பசையால் ஒட்டி, பசையின் ஈரம் முற்றிலும் போன பிறகு வாளை விடலாம். ஆனால் வேனிலில் தளர்ந்து தெரியும் வாய், மழைக்காலத்தில் தானே இறுகும். சீவலை ஒட்டுவதற்கு முன் ஈரமான ஒரு பருவத்தைக் கடந்து பார்ப்பது நல்லது. அவசரப்பட்டு ஒட்டியது அதிகமாகிவிட்டால் நனைத்த துணியைச் சிறிது நேரம் வைத்தால் போதும், சீவல் கழன்று வந்துவிடும்.